மங்கையின் மெஷினுக்குப் போன நடுக்கம்

செஞ்சியில் பெரியதம்பியின் வலது கை நடுக்கம், போன ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் மனைவி மங்கையின் மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், டிக்கெட் கிழிக்க முடியாமல் கை ஆடியதால் வேலையை விட்டு ஒன்பது வருஷம். இது கூடவே இருக்கும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். மங்கை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷின் ஒன்றை, ஆசைக்காகத் தானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கடையின் பின்னறையில் வைத்திருந்தாள். அதற்கும் ஆட்டம் இருந்தது. வெட்டும் முனையை நகர்த்தும் ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் நடுவில் இடைவெளி. வட்டம் வெட்டினால் முட்டையாக வரும். ஆறு மாதம் தேடி, உள்ளே குண்டுகள் உருளும் புது ஸ்க்ரூவும் முனை வழுக்கி ஓட இரும்பு ரெயிலும் வரவழைத்தாள். பெரியதம்பி வலது கையால் ரெயிலை அமுக்கிப் பிடிக்க, அவள் கடைசி போல்ட்டை இறுக்கினாள்.

"இன்னாங்க, கை நின்னுபோச்சு!"

அன்று அவர் தானே முகம் மழித்துக்கொண்டார். மத்தியானம் மங்கைக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். பின்னல் கோணல்தான், அவள் அவிழ்க்கவில்லை. ஆனால் மெஷின் போட்ட ஒவ்வொரு கோடும் நெளிந்தது. பேரிங்கை மாற்றினாள், நாலு தடவை கழற்றிப் பூட்டினாள். மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் பூஜை அலமாரிக் கதவுக்குக் கேட்ட, பூ வடிவில் துளையிட்ட மரச் சல்லடைக்காக ஐந்து பலகை வீணானது.

"எனக்குப் பழகிப்போச்சு மங்கை. எங்கிட்டயே குடுத்துடு."

"குடுக்க மாட்டேன். பலகை போனா போவுது."

அவள் முன்கடையில் இருந்த நேரம் பார்த்து அவர் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தார். நடுக்கம் ஏறி வந்தது. மெஷின் சத்தம் சீரானதைக் கேட்டு ஓடிவந்தவள், அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள். சல்லடை மயிரிழை பிசகாமல் வந்தது. கையை வைத்தால் வரும், மறுபடி வைத்தால் போகும் என்று தெரிந்ததும், திங்களும் வியாழனும் நடுக்கம் அவரிடம், மற்ற நாள் மெஷினிடம் என்று ஏற்பாடானது. சிங்கவரத்திலிருந்து வேலை கொடுக்க வருகிறவர்கள்கூடக் கிழமை பார்த்தே பஸ் ஏறினார்கள்.

தை மாதம் மகள் கல்யாணம். பத்திரிகைகளில் உறவுக்காரர்கள் பெயர்களைத் தன் கையால் எழுத வேண்டும் என்று பெரியதம்பிக்கு ஆசை. மணமக்கள் பெயர்ப்பலகையை அவர் எழுத உட்கார்ந்த அதே நாளில் மெஷின் முடித்தாக வேண்டும். அதனால் மங்கை மெஷின் மேல் கையை வைத்து நடுக்கத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். ஆதார் கார்டோடு வந்த பக்கத்துத் தெரு பூவாயி, "இன்னிக்கி யாருகிட்ட?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட."

பூவாயி தலையாட்டிவிட்டு, ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் தானே தூக்கி, கார்டை நேராக வைத்து, பட்டனை அமுக்கிக்கொண்டாள்.