அக்காவுக்கு ஒன்பது

உடம்பு வலியோடு காலம் தள்ளும் வயதான பெண்களுக்கான யோகா வகுப்பு அது. கடைசியில் கண்மூடிப் படுக்கும்முன், வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்பார். ஐந்துக்கு மேல் சொன்னால் முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டு வைப்பார். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். பத்தே நிமிஷம், அறை முழுக்கக் குறட்டைதான். தையல்காரம்மாவோடு சேர்ந்து வரும் அவள் அக்கா மட்டும் தூங்கியதே இல்லை.

அக்கா வாரம் தவறாமல் "ஒன்பது" என்பாள். தங்கைக்கு மானம் போகும். நாற்பது வருஷம் தையல் மிஷின் மிதித்த காலே நாலு, ஐந்தோடு நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு ஒன்பதாம்! ஒருநாள் முந்திக்கொண்டு, "அவளுக்கு மூணு போடுங்க டீச்சர். சும்மா நடிக்கிறா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் "மூணு" என்றே சொன்னாள். துண்டு வரவில்லை.

இடுப்பெலும்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. பாவி, என் நாக்கு அழுகிப்போகாதா என்று தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கா செத்து மூன்று மாதம் கழித்துத் தையல்காரம்மா வகுப்புக்கு வந்தாள். வலி மூணு என்றாள். கண்ணை மூடியதும் யாரோ அவள் காலை மெல்லத் தூக்கித் துண்டை வைத்தார்கள்.

"எனக்கு எதுக்கு டீச்சர் துண்டு?"

"நான் வைக்கலையேம்மா. இடத்தை விட்டே எழுந்திருக்கல."

அடுத்த வாரமும் அதேதான். குளிர்ந்த, பழகின கை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் போர்வை இழுத்துவிடும் கை. அக்கா திட்டியிருந்தால்கூடத் தையல்காரம்மா தாங்கியிருப்பாள்.

மூன்றாம் வாரம் தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள். டீச்சர் வந்து நின்றார்.

"எனக்கு ஆறு டீச்சர். எங்க அக்காவுக்கு ஒன்பது. அப்பவும் ஒன்பதுதான். நான்தான் பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கையில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் இருந்தது.

"அவளுக்கே வைங்க" என்றாள் தையல்காரம்மா.

திரை மூடியது. அவள் காலைத் தொட யாரும் வரவில்லை. முழங்காலில் உயிர் போகிற வலி. புரண்டு படுக்கலாமா என்று நினைத்தபோது, காலிப் பாயிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

தையல்காரம்மா அசையவில்லை. மற்றவர்கள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும், அக்கா தூங்கட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.