பதினைந்தாம் எண் உறை

ஜமீலாவின் விரல்கள் தரையைத் தொட்டுவிட்டன. முட்டியை மடக்காமல் குனிந்து, சிமெண்டுத் தரையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, "பாருங்க டாக்டரம்மா!" என்று சிரித்தாள். டாக்டரம்மா அளவு பார்க்க எடுத்த ஸ்கேலை மேசையிலேயே வைத்துவிட்டு நோட்டில் எதையோ எழுதினார். அடுத்து சொர்ணம் குனிந்தாள். விரல்கள் முட்டியைத் தாண்டியதும் நின்றுவிட்டன. இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை உருவியதுபோல இருந்தது.

இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷின். சட்டைக் காலர் தைத்துத் தைத்தே இருவருக்கும் இடுப்பில் ஜவ்வு விலகியிருந்தது. சித்த மருத்துவமனையில் இதற்கு ஒரு சூரணத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜமீலாவை இங்கே கூட்டி வந்ததே சொர்ணம்தான்.

முதல் நாளே டாக்டரம்மா சொல்லியிருந்தார். "பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. ஆறு மாசம் கழிச்சுத்தான் நம்பரைப் பிரிச்சுப் பாப்பாங்க."

சொர்ணத்தின் உறையில் பதினான்கு. ஜமீலாவுடையதில் பதினைந்து.

ஒரு நம்பர் தள்ளி உட்கார்ந்திருந்தால்? அந்த நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பொங்கல் கழிந்ததும் இவர்களில் ஒருத்தியைச் சூப்பர்வைசர் ஆக்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் குனிந்து தைக்க வேண்டாம், நடந்தால் போதும். தன்னைவிட ஐந்து வருஷம் பின்னால் சேர்ந்த ஜமீலா இப்போது துணிக்கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். அவள் கொலுசுச் சத்தம் கேட்டாலே சொர்ணத்துக்கு ஊசி தடம் மாறியது.

அன்று அடுத்த மாத மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ரயிலில் ஜமீலா தன் பையைச் சொர்ணத்தின் மடியில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிப்போனாள். எண் உறைமேல்தான் இருந்தது. உள்ளே இருந்த பொட்டலங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆவடி வருவதற்குள் சொர்ணம் இரண்டு உறைகளின் பொட்டலங்களையும் மாற்றிவிட்டாள். பையை மூடி மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் சொர்ணத்துக்குக் கால் மரப்பு விட்டது. பன்னிரண்டாம் நாள் குடத்தைத் தானே தூக்கினாள். ஆனால் ஜமீலா அப்படியேதான் இருந்தாள். அதே நடை, அதே சிரிப்பு. வெறும் மாவைத் தின்றும் இவளுக்கு ஒன்றும் ஆகவில்லையா? குணமான பிறகும் சொர்ணத்தின் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நூல்கண்டு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனாள். துணிக்கட்டுகளுக்கு நடுவே ஜமீலா மல்லாந்து கிடந்தாள். துப்பட்டா முனையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரம் காதுவரை இறங்கியிருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"கதவச் சாத்துக்கா." மூச்சு வாங்கியது. "மின்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பத்து நாளா மறுபடியும் காலு இழுக்குது. மருந்த ஒரு வேள கூட உடல. இன்னான்னே தெரியல."

சொர்ணம் கதவைச் சாத்தினாள்.

"யாருக்கும் சொல்லிடாதக்கா. நடக்க முடியாதுன்னு தெரிஞ்சா மேனேஜரு வேலைய உட்டு நின்னுக்கோன்னுடுவான். எங்க வூட்டுக்காரருக்கும் வேல இல்ல, உனக்கே தெரியும்." பிறகு, வலிக்கு நடுவிலும் சிரிக்கப் பார்த்தாள். "உனக்கு மருந்து கேக்குதுல்ல? நீ நேரா நடக்கறத பாத்துகினுதான் கீறேன். உனக்காவது கேக்குதே."

சொல்லிவிடலாம் என்று சொர்ணம் வாயைத் திறந்தாள். "ஜமீலா" என்று மட்டும் வந்தது.

"இன்னாக்கா?"

வெளியே மணி அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

"தூக்கி உடுக்கா" என்று ஜமீலா இரண்டு கைகளையும் நீட்டினாள். சொர்ணம் குனிந்து பிடித்து இழுத்தாள். ஜமீலாவின் முழுப் பாரமும் அவள் மேல் சாய்ந்தது. வலியை எதிர்பார்த்துச் சொர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு சுருக்குக்கூட இல்லை.