கேரியர் இல்லாத வண்டி

கடையில் சாமானெல்லாம் சேர்த்துப் பூட்டி நிறுத்தியிருக்கிற சைக்கிளை அப்படியே வாங்கி வருகிறவனை வைகுண்டராஜ் மனுஷனாகவே மதிப்பதில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவனுக்கு ஃபிட்டர் வேலை. அவன் கையைவிட வாய்தான் அதிகம் வேலை பார்க்கும் என்று மில்லில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவன் எண்பத்தேழில் ஒரு நாள், சாமான் சாமானாக வாங்கித் தானே ஒரு ரேஸ் சைக்கிளைப் பூட்டப்போவதாக அறிவித்தான். எந்த ரேஸுக்கு என்று கேட்டவர்களை அற்பமாகப் பார்த்தான்.

ஃபிரேம் மதுரையில் யார் வீட்டுப் பரணிலிருந்தோ வந்தது. ஆட்டுக்கொம்பாக வளைந்த ஹேண்டில்பார் கோயம்புத்தூரிலிருந்து பஸ் கூரையில் வந்தது. சக்கரமும் டியூபும் தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிறவனிடம் கிடைத்தன. பெடலுக்காக மறுபடி மதுரையில் அலைந்த ஞாயிற்றுக்கிழமைதான், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுடைய ஒரே தங்கை ரத்தினம் தன் மூத்த பிள்ளைக்குக் காது குத்தினாள். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை அவளுடைய மாமனார் மடியில் உட்கார வைத்தார்கள். "இவ அண்ணன் இருக்காரா, இல்ல படத்துக்கு மாலை போட்டாச்சா?" என்று புகுந்த வீட்டில் கேட்டுக் கேட்டே ரத்தினத்தைக் கரைத்துவிட்டார்கள்.

ரெண்டு வருஷம் கழித்து வண்டி முழுசாக நின்றது. நின்றது என்பதும் தப்பு, சாய்ந்தது. ஸ்டாண்டு கிடையாது. மட்கார்டு, கேரியர், பெல் எதுவும் கிடையாது. எல்லாம் வெயிட்டாம். வீட்டுக்குள் பாய் விரிக்கிற இடத்தில் சுவரோடு அதைச் சாத்தி வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் குறுக்கிப் படுத்தார்கள்.

பெண்டாட்டி பரிபூரணம் சேத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவள் அப்பா வாங்கிக் கொடுத்த லேடீஸ் சைக்கிளில் தினமும் போய் வருவாள். புது வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சேந்து போகணும்னா நான் எங்கன உக்கார?" என்று கேட்டாள்.

"ரேஸ் வண்டியில பொம்பளைய ஏத்தவா? வெயிட்டு, ஏட்டி, வெயிட்டு!"

அந்த மாசமே ரத்தினம் இளையவளுக்குக் காதுகுத்து வைத்தாள். நேரில் வந்தே சொன்னாள். "அண்ணே, இந்தத் தடவையும் நீ வரலன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு ஆயிரும். நல்ல நேரம் பத்தரைக்கு முடிஞ்சிரும்."

"பதினோரு கிலோமீட்டரு எனக்கு ஒரு தூரமா? மாமன் எப்படி வாரேன்னு ஊரே பாக்கும், பாரு."

காதுகுத்து அன்று மாமன் சீரை எப்படிக் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தபோதுதான், அவன் வண்டியில் ஒரு வாழைப்பழம் வைக்கக்கூட இடமில்லை என்பது தெரிந்தது. கம்மல், பட்டுப்பாவாடை, பழம், தேங்காய் எல்லாம் பரிபூரணத்தின் கேரியரில் ஏறின.

"நீ முன்னால போ. நான் செத்த நேரம் கழிச்சுக் கெளம்பி உன்னத் தாண்டிப் போறேன்," என்றான். ஃபிரேமோடு மாட்டியிருந்த குட்டிக் காற்றுப் பம்பைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "இதை உள்ள வச்சிட்டுப் போ. கால் கிலோ இருக்கும். வேகத்தக் கெடுக்கு."

சொன்னபடியே பாதி வழியில் அவளைத் தாண்டினான். பெல் இல்லாததால் விசிலடித்துக்கொண்டு தாண்டினான். அடுத்த வளைவிலேயே பின்சக்கரத்தில் ஒரு கருவேல முள் ஏறியது. கப்பலில் வந்த டியூப் என்று முள்ளுக்குத் தெரியவில்லை.

ரோட்டோரத்தில் சோணைமுத்துவின் சைக்கிள் கடை இருந்தது. அவன் பஞ்சரை ஒட்டி, டியூபை உள்ளே தள்ளி, பம்பைக் கொண்டுவந்தான். பம்பின் வாயை வைத்துப் பார்த்தான், திருப்பி வைத்துப் பார்த்தான். டியூபின் மூக்கு ஊசி மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, ஒட்டியாச்சு. காத்து எங்கன அடிக்க? இதுக்குன்னு தனியாப் பம்பு இருக்கணுமே?"

"இருக்கு."

"எடுங்க."

"வீட்டுல இருக்கு."

சோணைமுத்து சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட வைகுண்டராஜுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அதற்குள் பரிபூரணம் வந்து இறங்கினாள். பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "வண்டிய இங்கனயே சாத்திட்டு வாங்க. சீர ஹேண்டில்ல மாட்டிக்கிடுதேன். நீங்க பின்னால ஏறுங்க. இன்னும் நேரம் இருக்கு."

மில்லில் பாதிப் பேருக்கு இவன் ரேஸ் சைக்கிளில் போகிற கதை தெரியும். அவர்கள் வந்துபோகிற ரோட்டில் லேடீஸ் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போவதா? தங்கையின் முகம் மனசில் வரத்தான் செய்தது. மில்காரர்களின் முகம் அதை மறைத்துவிட்டது.

"நீ போ. பின்னாலயே வாரேன்."

"பத்தரைக்குள்ள..."

"போன்னு சொல்லுதேன்லா!"

அவள் போனாள். வைகுண்டராஜ் பம்பின் வாயில் துணியைச் சுற்றிப் பார்த்தான், ரப்பரைச் செருகிப் பார்த்தான். காற்று எல்லாப் பக்கமும் போனது, டியூபுக்குள் மட்டும் போகவில்லை. உருட்டினால் ரிம் நெளிந்துவிடும் என்று வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். உலகத்திலேயே லேசான வண்டி என்று அவன் அளந்த கதை கொஞ்ச தூரத்துக்கு உண்மையாகவே இருந்தது. டவுன் பஸ் ஒன்று நின்றது. "சைக்கிளுக்கு எடமில்ல, ஆளு மட்டும் ஏறும்," என்றார் கண்டக்டர். வைகுண்டராஜ் வண்டியைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான். பஸ் போய்விட்டது.

அவன் போய்ச் சேர்ந்தபோது ரெண்டாம் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காது சிவந்து, அழுது ஓய்ந்த பிள்ளை பரிபூரணத்தின் மடியில் தூங்கியது. நேரம் முடியப் போகிறது என்று காது குத்த வந்த ஆசாரி அவசரப்படுத்தினாராம். மாமனார் வேட்டியைத் தட்டிவிட்டு உட்காரப் போனாராம். ரத்தினம்தான் தடுத்து, "சீர் கொண்டாந்தது மதினி. அவிய மடியிலதான் எம்பிள்ள உக்காரும்," என்று பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாளாம். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனாராம்.

ரத்தினத்தின் புருஷன் காசிராஜன் வண்டியைச் சுற்றி வந்தான். "மச்சான், வண்டி ஜோரா இருக்கு. ஓடுமா?"

திட்டுவாள் என்று வைகுண்டராஜ் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திட்டவில்லை. ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். "இருந்து சாப்பிட்டுப் போங்க," என்றாள். அண்ணனை அவள் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. தெருவில் வந்து போகிறவனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

சாயங்காலம் ரேஸ் சைக்கிளைத் தங்கை வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தான். தோள் வீங்கியிருந்தது, பாதம் கொப்புளித்திருந்தது. பரிபூரணம் தன் சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"சீரெல்லாம் எறக்கியாச்சு. கேரியர் காலியாத்தான் கெடக்கு. ஏறுங்க."

ஏறினான். தெரு முனை, கடைவீதி, மெயின் ரோடு என்று வண்டி போனது. ஷிப்ட் முடிந்து ஊருக்குத் திரும்புகிற மில்காரர்கள் ரெண்டு பேர் எதிரே பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அவன் பரிபூரணத்தின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"வெயிட்டுதான்," என்றாள் அவள், மிதித்துக்கொண்டே.