கூடுதலாக ஒரு வரி

கவிஞர் நேரிலேயே வருகிறார் என்ற செய்தி கேட்டதிலிருந்து பல்கலைக்கழகத் துறையில் யாருக்கும் கால் தரையில் படவில்லை. டப்பிங் மேடம் மட்டும் அதில் சேரவில்லை. அந்த மனிதரின் கவிதைகளை மொழிபெயர்த்தவளே அவள்தான். சந்தோஷப்பட வேண்டியவளும் அவள்தான். ஆனால் காலையில் கண்ணாடிக்கடையைத் திறக்கக் கிளம்பிய கணவர் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நாளைக்குக் கடைக்கு லீவு விட்டுட்டேன். உன் விழாவுக்கு நானும் வர்றேன்."

"கவிதை வாசிப்புங்க அது. உங்களுக்குத் தூக்கம்தான் வரும்."

"வந்தா தூங்கிட்டுப் போறேன். உனக்கென்ன நஷ்டம்?"

நஷ்டம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியாது.

டப்பிங் மேடம் என்பது சக பேராசிரியர்கள் வைத்த பெயர். ஊரார் கவிதைக்கெல்லாம் குரல் கொடுக்கிறாளாம். முதலில் அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். பதவி உயர்வுக் குழு இரண்டு முறை அவளை உட்காரவைத்து, "மொழிபெயர்ப்பெல்லாம் சரிங்க மேடம், சொந்தமா என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டு அனுப்பிய பிறகு சிரிப்பு நின்றுபோனது. சொந்தமாக எழுதியவள்தான். இளவயதில் இரண்டு தொகுப்புகள் வந்தன, நாலு பேர் நல்லபடியாகப் பேசினார்கள். அதன் பிறகுதான் மகள் போனாள். ஏழு வயது, மூளைக்காய்ச்சல். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அழுது ஓய்ந்த ஒரு நாளில் அவள் பேனாவை எடுத்தாள். மகளைப் பற்றிப் பாதிப் பக்கம் எழுதியிருப்பாள். பின்னால் வந்து நின்ற கணவர் அதைப் படித்தார். கோபப்படவில்லை. "வேணாம். அவளை ஊர் வாயில போடாதே. நமக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார். அவள் கிழித்துப்போட்டாள், வாக்கும் கொடுத்தாள். அதோடு கவிதை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் பெயரும் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. கணவர் கடையே கதியென்று கிடந்தார், அவள் அடுத்தவர் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மொழிபெயர்ப்பில் அவள் கறார் பேர்வழி. மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள்: "மூலக் கவிஞருக்கு மூக்கு நீளமா இருந்தா நீளமாவே இருக்கட்டும். ஆபரேஷன் பண்றது நம்ம வேலை இல்லை." அப்படிப்பட்டவள்தான் இந்தக் கவிஞரிடம் வழுக்கி விழுந்தாள். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். செத்துப்போன மகனைப் பற்றி நீளமான கவிதை ஒன்று எழுதியிருந்தார். அதில் ஓரிடத்தில், 'வாசலில் அவன் காலணிகள்' என்று மட்டும் வரும். வேறு எதுவும் இல்லை, அடுத்த வரி வேறெங்கோ போய்விடும்.

அந்த இடத்தில் அவள் கை நின்றுவிட்டது. அவள் மகள் ஷூவை எப்போதும் இடம்வலம் மாற்றித்தான் கழற்றி வைப்பாள். இரண்டின் மூக்கும் ஆளுக்கொரு திசை பார்க்கும். ஏன்டி என்றால், "ரெண்டும் டூ விட்டிருக்கும்மா, பேசிக்காது" என்பாள். அந்த வார்த்தை அவளையும் கணவரையும் தவிர உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாது. அவள் எழுதிவிட்டாள்: 'வாசலில் அவன் காலணிகள் / டூ விட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பி.' அடித்துவிடலாம் என்றுதான் இருந்தாள். மனசு வரவில்லை. இத்தனை வருடத்தில் அவளாக எழுதிய ஒரே வரி அது. வாக்கையும் மீறவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள், கவிதையில் இருப்பது யாரோ ஒரு பையன்தானே.

புத்தகம் வந்தபோது மதிப்புரை எழுதியவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் அந்த வரியைத்தான் எடுத்துப் போட்டார்கள். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, கூடவே பயமும் வந்தது. கணவர் புத்தகம் படிக்கிற ஜாதி இல்லை என்பதில் நிம்மதியாக இருந்தாள். இப்போது அவரே வந்து முன்வரிசையில் உட்காரப்போகிறார். வாசிக்கும்போது அந்த வரியை விழுங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் அரங்கம் நிரம்பியிருந்தது. கவிஞருக்குக் கண் பார்வை மங்கியிருந்தது, தாளை முகத்தருகே பிடித்துக்கொண்டார். தன் மொழியில் அவர் ஒரு பகுதி வாசிப்பார், அதையே அவள் தமிழில் வாசிக்க வேண்டும். காலணிகள் வரும் இடத்துக்கு வந்தார். வழக்கமான வரியைச் சொன்னார். நிறுத்தினார். பிறகு, அவர் புத்தகத்தில் எந்தப் பதிப்பிலும் இல்லாத ஒரு வரியைச் சொன்னார். கோபித்துக்கொண்ட காலணிகள், வேறு வேறு பக்கம் பார்க்கின்றன.

அவர் மொழியில் 'டூ' கிடையாது. கோபம் என்று போட்டிருக்கிறார், மோசமில்லை என்று அவளுக்குள் இருந்த வாத்தியார் மதிப்பெண் போட்டார். அப்புறம்தான் அது தன் வரி என்பது அவளுக்கு உறைத்தது.

கவிஞர் தாளைத் தாழ்த்திவிட்டுச் சபையைப் பார்த்துப் பேசினார். "என் மகன் அப்படித்தான் செய்வான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மகன் போய் நாற்பது வருடம் ஆகிவிட்டது. தேய்ந்துபோன நினைவில் அவருக்குக் கிடைத்த புது நினைவு இது. யாரோ மாணவி தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டுவிட்டார். எல்லார் கையிலும் புத்தகம் இருக்கும்போது இனி விழுங்குவதற்கு என்ன இருக்கிறது? அவள் அந்த வரியையும் சேர்த்தே வாசித்தாள். முன்வரிசையில் கணவர் தூங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து, விருந்தினர் அறைக்குள் கணவரே தேடிக்கொண்டு வந்தார். பிடித்துவிட்டார், கேட்கப்போகிறார் என்று அவள் சுவரோரம் ஒதுங்கினாள். கணவர் நேராகக் கவிஞரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு இவர்கிட்ட. எம் பொண்ணும் இதே மாதிரி செய்வான்னு சொல்லு. அச்சு அசல் இதே மாதிரி."

அவள் சொன்னாள். கவிஞர் கணவரின் கையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "குழந்தைகளெல்லாம் ஒன்றுதான்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நான் மறந்தே போயிருந்தேன். உங்கள் மொழிபெயர்ப்பில் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"என்னம்மா சொல்றாரு?" என்றார் கணவர்.

"குழந்தைங்க எல்லாம் ஒண்ணுதான்கிறாரு."

"அப்புறம் நீளமா ஏதோ சொன்னாரே?"

"அவரு பையனை நினைச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான்."

கவிஞர் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் மொழியில், "மூலத்திலேயே அது இருந்தது" என்று சொன்னாள். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் கணவர் காரை ஓரமாக நிறுத்தினார். மகளின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் குரலில் கேட்டு அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"உலகத்துல எங்கேயோ ஒரு பிள்ளை இதே மாதிரி இருந்திருக்கு பாரேன். ஒருத்தர் பிள்ளையைப் பத்தி இத்தனை பேர் உக்காந்து கேக்குறாங்க. எனக்கு நெஞ்சுல அடைச்சிருந்தது இறங்கின மாதிரி இருக்கு. அன்னைக்கு உன்னைத் தடுத்தது தப்பு. நீ எழுது."

"நானா?"

"வேற யாரு எழுதுவா? அந்த ஷூவுல இருந்தே ஆரம்பி. டூ விட்டிருக்குன்னு சொல்லுவாளே, அதை அப்படியே எழுது."

"அதைத்தான் அவரு எழுதிட்டாருங்களே."

"எழுதட்டுமே. நம்ம பொண்ணு செஞ்சதைத்தானே நீ எழுதப்போற? அவரைப் பாத்துக் காப்பியடிச்சேன்னா யாராவது சொல்லப்போறாங்க?"

துறைத்தலைவர் சொல்வார். மதிப்புரை எழுதியவர்கள் சொல்வார்கள். சொந்தமாக என்ன எழுதினாய் என்று கேட்ட குழு, இதுதானா சொந்தம் என்று கேட்கும். அவள் வயிற்றில் பிறந்தவள் செய்ததை எங்கே எழுதினாலும் இனி அது அந்தப் பையனுடையது. அதை அவளே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"முதல்ல எனக்குத்தான் படிச்சுக் காட்டணும், சரியா?"

"சரிங்க."

கணவர் காரைக் கிளப்பினார். வீடு வரும்வரை மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், அவள் ம் கொட்டிக்கொண்டு வந்தாள்.