அக்கா பேசுகிற இடம்

போய்விடுவது என்று அண்ணி முடிவு செய்தாகிவிட்டது. அதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. பாப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பாப்பா அண்ணியின் நாத்தனார். நாவல் எழுதுகிறவள். ஏழு புத்தகம் வந்துவிட்டது; எட்டாவது, முடியும் தறுவாயில் மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐம்பதைத் தாண்டி, மூக்குக்கண்ணாடி இரண்டு வைத்துக்கொண்டு, எப்போதும் இரண்டையும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியைப் பாப்பா என்று கூப்பிட உலகத்திலேயே அண்ணி ஒருத்திக்குத்தான் உரிமை. அண்ணி கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது அவள் முன்பல் விழுந்த பிள்ளை. அன்று வாயில் வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணன் காலமான பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில், மூன்றாவது மாடியில், அவரவர் அறையும் பொதுவில் ஒரு சாப்பாட்டு மேஜையுமாக இருக்கிறார்கள்.

அந்த மேஜையில் சாப்பாடு நடப்பதைவிடப் பேச்சு நடப்பதுதான் அதிகம். பாப்பா முதலில் பேச்சை மட்டும்தான் எழுதுவாள். யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வெளியே மழையா வெயிலா, எதுவும் இருக்காது. வெறும் பேச்சு. அதை இரண்டு பிரதி எடுத்து, மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்பார்கள். அண்ணியின் நாக்கு எங்கே இடறுகிறதோ அந்த வரிக்கு அத்தோடு ஆயுசு முடிந்தது.

அண்ணி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆரம்பத்தில், புருஷனைப் பிரிந்து போகிற பெண்ணின் பேச்சைக்கூட, இரண்டாம் நடைமேடைக்கு வண்டி வருகிற மாதிரிதான் வாசித்தாள்.

"அண்ணி, இது அழற இடம்."

"அழறான்னு எங்க போட்டிருக்கு?"

"போட மாட்டேன். தானா தெரியணும்."

"எனக்குத் தெரியலையே."

போகப் போகத் தெரிந்தது. கொலைகாரனாக, மாமியாராக, திக்கித் திக்கிப் பேசும் வக்கீலாக, ஒரு தடவை செத்துப்போன ஆளாகக்கூட அண்ணி பேசியிருக்கிறாள். எழுத வராமல் பாப்பா இடம் விட்டிருந்தால், "நீங்களே ஏதாச்சும் சொல்லுங்கண்ணி, வாயில வர்றதை" என்பாள். அண்ணி சொல்வாள். நன்றாக இருந்தால் அது புத்தகத்தில் ஏறிவிடும்.

இதில் வந்த வினை ஒன்றுதான். வாசிக்காத நேரத்திலும் அண்ணி வாயைத் திறந்தால் பாப்பாவின் கை பேனாவைத் தேடியது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு நாள் அண்ணி சலித்துக்கொண்டாள். "ஒழுகறதுகூடப் பரவாயில்ல, ஒழுகிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது பாரு" என்றாள். ஐந்தாவது நாவலில் அது ஒரு மருமகனைப் பற்றிய வரியாக வந்து, பத்திரிகைகள் எல்லாம் எடுத்துப் போட்டன. குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தது அதற்கும் ரொம்ப நாள் கழித்து.

அண்ணியின் பழைய சினேகிதி, டிக்கெட் கவுண்டரில் இருந்தவள், கடலோர ஊர் ஒன்றில் வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று விடுதி நடத்துகிறாள். "நீ வந்து பார்த்துக்கறியா? உனக்கு ஒரு அறை, கொஞ்சம் சம்பளம், வாய் ஓயாம சண்டை போட நாப்பது பொண்ணுங்க" என்று போனில் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் அண்ணிக்கு மனசு எழுந்து நின்றுவிட்டது. அங்கே குழாய் ஒழுகுது என்று சொன்னால் குழாய்க்காரன் வருவான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பாப்பாவிடம் சொல்லாமல் பதில் சொல்ல அண்ணிக்கு மனமில்லை.

திங்கட்கிழமை டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசுங்க." தலை காகிதத்தில் இருந்தது.

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

பாப்பா நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இதேதான்! அக்காக்காரி இப்படித்தான் ஆரம்பிப்பா!"

அக்காக்காரி என்பவள் எட்டாவது நாவலில் இருப்பவள். அக்காவும் தங்கையும் சேர்ந்து ஜெராக்ஸ் கடை நடத்துகிறார்கள். அக்காவுக்குக் கடையை விட்டுப் போக வேண்டும். அவள் எப்படிச் சொல்லிக்கொண்டு போவாள் என்பது பிடிபடாமல்தான் பாப்பா இரண்டு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் அக்காவைப் பத்திப் பேசல."

"சரிண்ணி, சரிண்ணி. ஒரே நிமிஷம், ஆறிப்போறதுக்குள்ள எழுதிடறேன்."

எழுதி முடித்தபோது டீ ஆறியிருந்தது. அண்ணியின் தைரியமும்தான்.

புதன்கிழமை அண்ணி ஒரு தந்திரம் செய்தாள். மேஜையில் பிரதியை விரித்தார்கள். அக்கா பேச வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அக்கா வாயால் சொல்லிவிட்டால், பாப்பா புத்திசாலி, பாதியிலேயே பிடித்துக்கொள்வாள், அப்புறம் பேச்சு தானாகப் போகும் என்று கணக்குப் போட்டாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணி."

அண்ணி கண்ணை மேஜையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "உன்மேல கோபம் ஒண்ணும் இல்ல. எழுந்தா உன் டீ, உன் போன், உன் காகிதம். உன்னைத் தேடி வர்றவங்களுக்கு நாற்காலி போடறேன். வழியில யாராச்சும் நிறுத்தி, எப்படி இருக்கீங்கன்னு என்னைக் கேட்டா, நல்லா இருக்கான்னு உன்னைப் பத்திச் சொல்லிட்டு வர்றேன். பாதி தூரம் வந்தப்புறம்தான் தெரியுது, கேட்டது என்னைன்னு."

பாப்பாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் வழிந்தது. அண்ணி துண்டை எடுத்துக் கொடுத்தாள். புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"அண்ணி! நாற்காலிக்கு முன்னாடி என்ன சொன்னீங்க? போனா, காகிதமா?"

"ஞாபகமில்ல."

"காகிதம்தான். ஜெராக்ஸ் கடைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்க! ரயில்வே உங்களை வீணடிச்சிடுச்சு அண்ணி."

அன்று மாலையே அது பதிப்பாசிரியருக்குப் போனது. மறுநாள் அவர் போன் செய்தார். கை வேலையாக இருந்த பாப்பா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், அக்கா பேசற இடத்தைப் படிச்சிட்டு இங்க ரெண்டு பேர் வாயே திறக்கல. அதுல ஒருத்தர் எப்பவுமே திறக்க மாட்டார், அது வேற விஷயம். ஆனா தங்கச்சி பதிலே சொல்லாம நிக்கிறாளே?"

"யோசிக்கிறா."

"திங்கக்கிழமை வரைக்கும் யோசிக்கட்டும். அதுக்கப்புறம் அச்சகத்துக்காரங்க யோசிக்க விட மாட்டாங்க."

ஒரு அலுவலகமே நான் சொன்னதைக் கேட்டிருக்கிறது, இவளைத் தவிர, என்று நினைத்துக்கொண்டே அண்ணி பாத்திரம் தேய்த்தாள். அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் வாசகர் கூட்டம். அண்ணி வழக்கம்போல மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "உங்க ஆளுங்க மட்டும் எப்படி மேடம் நிஜமாவே பேசற மாதிரி பேசறாங்க?" என்று கேட்டாள்.

"காதைத் திறந்து வெச்சிருந்தாப் போதும்மா," என்றாள் பாப்பா.

கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அண்ணியிடம் குனிந்து, "எவ்வளவு உன்னிப்பாக் கேக்கறாங்க பாருங்க" என்றார்.

"ஆமா," என்றாள் அண்ணி. "ஒரு வரி விட மாட்டா."

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி மேஜை. பாப்பா இரண்டு நாளாகத் தங்கையின் பதிலை எழுதி எழுதி அடித்திருந்தாள். ஒரு பதிலில் தங்கை அழுதாள், இன்னொன்றில் கத்தினாள், மற்றொன்றில் கடைச் சாவியை வீசினாள். எதையும் வாசிக்க அண்ணியின் நாக்கு ஒப்பவில்லை.

"நான் தங்கச்சி. நீங்க அக்காவா இருந்து மறுபடி ஆரம்பிங்க. எனக்கு வாயில என்ன வருதுன்னு பார்க்கலாம்."

அண்ணி தன் பிரதியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்த மாசம் நான் சினேகிதியோட விடுதிக்கு வேலைக்குப் போறேன். அங்கயே தங்கப்போறேன். நாளைக்குள்ள பதில் கேட்டிருக்கா. வர்றேன்னு சொல்லப்போறேன்."

பாப்பா உதட்டைப் பிதுக்கினாள். "ம்ஹூம். ரொம்ப நேரா இருக்கு. வண்டி வர்ற அறிவிப்பு மாதிரி. யாரும் இப்படிப் பேச மாட்டாங்கண்ணி."

"நான் பேசறேன்."

"அக்கா பேச மாட்டா."

"அக்கா பேச வேணாம். நான் பேசறேன், பாப்பா."

பாப்பா அவளைப் பார்த்தாள். பிறகு கவிழ்ந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"எந்த விடுதி? கதையில விடுதியே இல்லையே."

"கதையில இல்ல."

மாடிப்படியில் யாரோ எதையோ உருட்டிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது.

"புதன்கிழமை சொன்னது? நாற்காலி போடறது?"

"நான்தான்."

"அழுதேனே அண்ணி நான்."

"பார்த்தேனே. துண்டு குடுத்தது யாரு?"

"நேராச் சொல்லியிருக்கலாம்ல!" பாப்பாவின் குரல் உயர்ந்தது. "எத்தனை நாளா மனசுல வெச்சிருக்கீங்க? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

"நேராச் சொன்னா நல்லா இல்லைங்கறே. சுத்திச் சொன்னா எழுதிக்கிறே. நான் எந்தப் பக்கமா வர்றது, சொல்லு?"

பாப்பா எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இனிமே யாரு என்கூட வாசிப்பா?"

கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். காதுவரை சிவந்துவிட்டது.

அண்ணிக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. "எழுதிக்கோ," என்றாள். "தங்கச்சி இதைத்தான் சொல்லுவா. வேற எதுவும் அவ வாயில வராது."

அது உண்மை என்று பாப்பாவுக்கும் தெரிந்தது. இரண்டு மாதமாகத் தேடிய வரி அதுதான். அழுகை இல்லை, சாவி இல்லை. அவள் கை தன்னையறியாமல் பேனா இருந்த பக்கம் போய், பாதியில் நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"எழுதேன். திங்கக்கிழமை கேப்பாரு."

"எழுதறேன். இப்ப இல்ல." உட்கார்ந்தாள். நாவல் காகிதத்தையெல்லாம் ஒன்றாக அடுக்கி மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினாள். "போகாதீங்கன்னு சொன்னா?"

"போவேன்."

"அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"நான் கேக்கணும்ல."

"போகாதீங்கண்ணி." சாதாரணமாகத்தான் சொன்னாள், நீட்டவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. வாசித்துப் பார்த்தால் ஒன்றுமில்லாத வரி. அண்ணி அதை வாங்கிக்கொண்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. இப்ப போன் பண்றேன். நீ இங்கயே இரு."

பாப்பா இருந்தாள். சினேகிதி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். வர்றேன் என்று அண்ணி சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே ஆர்ப்பாட்டம். அறை தயாராக இருக்கிறது, இரண்டாவது மாடி, கடல் தெரியும், காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று சினேகிதி அடுக்கியது பாப்பா உட்கார்ந்த இடம்வரை கேட்டது.

"ரெண்டாவது மாடியா?" பாப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அவங்களுக்கு முழங்கால் வலின்னு தெரியாதா? இங்க மூணு மாடி ஏறியே ராத்திரியெல்லாம் தைலம் தேய்ச்சுக்கறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத் தேய்ச்சுக்கறாங்க. கடலும் வேணாம் காத்தும் வேணாம், கீழ குடுக்கச் சொல்லுங்க!"

"யாரு அங்க அந்தக் கத்து கத்தறது?" என்றாள் சினேகிதி.

"என் நாத்தனார்," என்றாள் அண்ணி. "கீழ் அறை கேக்கறா. குடுத்துடு."