கொப்பளித்துத் துப்பிய தண்ணீர்

ராஜஸ்தான் மணலில் ஓடப் போகிறவன் எங்கள் திம்மப்பன் என்று தெரிந்ததும் ஃபவுண்டரியே விசிலடித்தது. குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் செய்கிற தரும ஆஸ்பத்திரி ஒன்றுக்காக அந்த ஓட்டம். ஆள் ஓடி முடித்தால் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும். திம்மப்பன் மகள் சென்னம்மா அங்கேதான் ஆபரேஷனுக்குக் காத்திருந்தாள். நாலு எட்டு நடந்தால் உதடு நீலம் பாயும் பிள்ளை.

"வெயில் தாங்குவியாப்பா?" என்று மேனேஜர் கேட்டார்.

"எங்க ஃபர்னஸ் கிட்ட ஒரு ஷிஃப்டு நில்லுங்க சார். அப்பறம் பாலைவனம் ஊட்டியாட்டம் தெரியும்."

ஓசூர் வெயில் பழகப் போதாது என்று சித்திரையில் ஊத்தங்கரையை அடுத்த கல்லாவிப் பக்கம் போனோம். உச்சிப்பொழுதில் அவன் ஓடினான். நான் தண்ணீர் கேனோடு சைக்கிளில் கூடவே போனேன்.

ஆடுகளைப் புளியமரத்தடியில் ஒதுக்கியிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இந்நேரத்துல எங்க ஆடே நடக்காது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

கேனை நீட்டினேன். திம்மப்பன் வாய் நிறைய வாங்கி, கொப்பளித்து, துப்பினான். உலைக்காரர்களின் வழக்கம் அது. உடம்பு கொதிக்கும்போது தண்ணீர் விழுங்கினால் மார் அடைத்துவிடும் என்பார்கள். ஆறிய பிறகுதான் குடிப்போம். உலையை விட்டு வெளியே வந்தால் நிழலும் காற்றும் உண்டு. இந்தச் சாலையில் ஆறுவதற்கு இடமே இல்லை.

"ஒரு வாய் முழுங்குடா."

"சும்மா வாண்ணா. உலையடியில என்னைக்காவது முழுங்கியிருக்கமா?"

மரம் ஒரு வளைவில் மறைந்தது. தார் இளகி டயரில் ஒட்டியது. அவன் பனியன் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"வேர்வையே காணமேடா."

"உடம்பு பழகிடுச்சுண்ணா. நல்லதுதான்."

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. அவன் கால் சாலையை விட்டு விலகிக் கரம்பு நிலத்தில் இறங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிக் கையைப் பிடித்தேன். அச்சிலிருந்து பிரித்த வார்ப்பைத் தொட்டது போலச் சுட்டது.

"நீரு பேடா," என்றான். தண்ணீர் வேண்டாமாம். கன்னடம் பேசும் தளி ஊர்க்காரன்; ஆனால் என்னிடம் ஒருநாளும் அதைப் பேசியதில்லை. "தள்ளு, இரும்பு ஊத்தப் போறாங்க," என்று என்னைத் தள்ளிவிட்டு, அப்படியே முகம் குப்புற விழுந்தான்.

புரட்டிப் போட்டுக் கேனைத் தலையில் கவிழ்த்தேன். மீதியை வாயில் ஊற்றினேன். பல்லைக் கிட்டித்துக்கொண்டான். நெம்பித் திறந்து ஊற்றியதும் கடைவாயில் வழிந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

என் கூச்சல் கேட்டு ஆட்டுக்காரப் பெண் ஓடிவந்து, வந்த பஸ்ஸைக் குறுக்கே நின்று மறித்தாள். பின்சீட்டில் கிடத்தினோம். கண் திறக்கவில்லை. கால்கள் மட்டும் சீட்டின் மேல் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அடங்கவில்லை.

ஊத்தங்கரை ஆஸ்பத்திரி வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.