முப்பத்தேழாம் கப்பல்

ஒரு காலத்தில் மிட்டாய் பாக்கெட்டுகளோடு வந்த கப்பல் படக் கார்டுகள் மொத்தம் அறுபது. அத்தனையையும் சேர்க்க லிஃப்ட் மெக்கானிக் ஒரு வழி வைத்திருந்தார். முதலில் கிழிசலோ கறையோ, கையில் கிடைத்ததை வைத்து எண்ணிக்கையை முடிப்பது. பிறகு ஒவ்வொன்றாக நல்லதாக மாற்றுவது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக்கூட ஆற அமரத்தான் இறக்குவார் மனுஷன். கார்டு என்றால் மட்டும் கால் தரையில் நிற்காது.

நேற்று கடைசி அழுக்குக் கார்டையும் மாற்றிவிட்டார். முப்பத்தேழாவது. பழையதைப் பழங்காலப் பொருள் கடைக்காரரிடம் தள்ளிவிட்டுப் பளிச்சென்று ஒன்றை வாங்கி வந்தார்.

இன்று தம்பி மனைவி போன் செய்தாள். தம்பி இறந்து எட்டு மாதம்.

“மாமா, பாப்பா ஏழாம் நம்பரை இடம் வலமாத் திருப்பிப் போடுறா. கிளாஸ்ல சிரிக்கிறாங்களாம், பென்சிலையே தொட மாட்டேங்கிறா. அவரும் சின்ன வயசுல அப்படித்தான் போடுவாராமே? உங்க கார்டு பின்னாடியெல்லாம் நம்பர் எழுதி வச்சேன்னு சொல்வாரு. ஒண்ணே ஒண்ணு அவகிட்ட காட்டுங்க மாமா. சாயங்காலம் கூட்டிட்டு வரேன்.”

அவர் போனை வைத்தார். தம்பி எழுதிய கார்டுகளைத்தானே அழுக்கு அழுக்கென்று இத்தனை வருடமாகக் கழித்துக் கட்டினார்!

கடைக்கு ஓடினார். முப்பத்தேழு இன்னும் போகவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. கார்டைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“பென்சில் கிறுக்கல் இருந்துச்சு சார். பக்குவமா அழிச்சிட்டேன், தடமே தெரியாது” என்றார் கடைக்காரர், பெருமையாக.

வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தெரியவில்லைதான். தன்னைத்தானே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். பென்சிலைச் சீவி மூன்றைப் போட்டார். பக்கத்தில் ஏழைத் திருப்பிப் போட்டார். குழந்தை எழுத்தாகத் தெரியட்டும் என்று இடது கையால்தான் போட்டார்.

சாயங்காலம் பாப்பா கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அம்மா, அப்பாவும் என்னை மாதிரியே!”

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த எண்ணை விரலால் மெல்லத் தடவினாள். விரல் நுனியில் பென்சில் கரி ஒட்டியது. விரலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

“அப்பா எழுதினதுதானேம்மா?”

“ஆமாடி தங்கம்” என்றாள் அவள். “அப்பா எழுதினதுதான்.”